நடுக்குவாதத்தின் முன்குறிகள்: கிள்ளான் முதல் இன்றைய ஆய்வுக்கூடம் வரை

நோயாளர் தாமே உணர்ந்து மருத்துவரிடம் எடுத்துரைப்பது அறிகுறி எனப்படும். அவர் ஒன்றும் உணராதிருக்கும் போதே, அவருடைய குருதியிலோ தோலிலோ உறுப்புகளிலோ மருத்துவர் அளந்து காண்பதை உயிரியல் குறி என்பர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலம் சில நோய்களில் சில நாட்களே. வேறு சிலவற்றில் அது பல ஆண்டுகள். நடுக்குவாதம் என்று நம்மவர் கூறுவதும், பார்க்கின்சன் நோய் என்று மருத்துவமனைகளில் வழங்குவதுமாகிய பிணியில் அவ்விடைவெளி பத்தாண்டுக்கும் மேற்படலாம் என்பது இன்றைய அறிஞர் கருத்து. கை நடுங்கத் தொடங்கும் நாள் நோய் தொடங்கிய நாள் அன்று. அது நோய் வெளிப்பட்ட நாளே ஆகும்.

2019ஆம் ஆண்டில் உலகெங்கும் 85 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்ந்தனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இதனை வெளிப்படுமுன்னரே கண்டறியும் குறிகளைத் தேடும் முயற்சி அண்மைக் காலத்தில் பெரிதும் முன்னேறியிருக்கிறது. ஆயினும், ‘குணப்படுத்தும் மருந்து இல்லாத நோயை முன்கூட்டியே அறிந்து என்ன பயன்?’ என்று கேட்பவர் உண்டு. இக்கேள்வி புறக்கணிக்கத்தக்கதன்று. இதற்கு விடை காண நாம் முதலில் ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டியதில்லை. நாம் வாழும் இக்கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே, ஒரு நூற்றாண்டுக்கு முன் நிகழ்ந்த இரு மருத்துவ வரலாறுகள் அதற்கு நல்ல தொடக்கமாகும்.

மண்ணீரலைத் தடவிப் பார்த்த மருத்துவர்

1901ஆம் ஆண்டில் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் கிள்ளான் மாவட்டத்திற்கு வந்து சேர்ந்தார். அப்போது கிள்ளான் நகரம் மலேரியாக் காய்ச்சலால் நிலைகுலைந்து கிடந்தது. அதே ஆண்டு செப்டம்பர் மாதத்தில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்திலும், காய்ச்சல் புகுந்து பரவிற்று. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்னும் உண்மைக்கு ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் அடிகோலி நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அதனை நம்பிச் சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டுமாறும் காட்டை அழிக்குமாறும் வாட்சன் வற்புறுத்தினார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901இல் காய்ச்சலால் இறந்தோர் 368 பேர். அடுத்த ஆண்டில் அத்தொகை 59 ஆகக் குறைந்தது.

நகரில் இறந்தோரை எண்ணிவிடலாம். ஆனால் சுற்றியிருந்த தோட்டங்களில், தமிழ்நாட்டிலிருந்து வந்து இறங்கிய தொழிலாளர் குடும்பங்களில், நோய் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதை எவ்வாறு அறிவது? வாட்சன் தோட்டத்துக் குழந்தைகளின் வயிற்றை விரலால் அழுத்திப் பார்த்தார். மலேரியா மீண்டும் மீண்டும் தாக்கிய உடலில் மண்ணீரல் வீங்கி விலா எலும்பின் கீழே தட்டுப்படும். நூறு குழந்தைகளில் எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியுள்ளது என்ற கணக்கே அந்தத் தோட்டத்தின் நோய்க் கணக்காயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வட இந்தியாவில் டெம்ப்ஸ்டர் என்பவர் கையாண்ட முறை இது. கருவி ஒன்றும் வேண்டாத உயிரியல் குறி என இதனைக் கூறலாம்.

இக்குறி நோயின் அளவைச் சொன்னதோடு நிற்கவில்லை. மருத்துவருடைய எண்ணத்தையும் திருத்திற்று. கடலோரச் சமவெளியில் காட்டை அழித்து நீரை வடித்தால் மண்ணீரல் கணக்கு இறங்கியது. மலைச்சரிவுத் தோட்டங்களிலோ காடழித்த பின்னும் அது இறங்கவில்லை. காரணம் பின்னர் விளங்கிற்று. சமவெளிக் கொசு நிழலில் தேங்கிய நீரை நாடுவது; மலைப்பகுதிக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடைகளில் முட்டையிடுவது. ஆகவே அங்கே நிலத்தடிக் குழாய் வடிகாலும் ஓடைகளில் எண்ணெய் தெளித்தலும் தேவையாயின. ஓரிடத்தில் நோயைத் தணித்த பரிகாரம் வேறோரிடத்தில் பயன்படவில்லை என்பதை எடுத்துக் காட்டியது அந்தக் குழந்தைகளின் மண்ணீரலே. குறியின் பயன் நோயைச் சுட்டுவது மட்டும் அன்று, பரிகாரத்தைச் சோதிப்பதும் ஆகும் என்பதை இதனால் அறிகிறோம்.

இரு விடுதிகளும் இருவகை அரிசியும்

இரண்டாவது வரலாறு கோலாலம்பூரில் நிகழ்ந்தது. கால்கள் மரத்து, உடல் வீங்கி, இதயம் ஓய்ந்து இறக்கச் செய்யும் பெரிபெரி நோய் அந்நாளில் ஈயச் சுரங்கத் தொழிலாளரை வாட்டி வந்தது. 1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட ஆய்வுக்கூடம், பின்னாளில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என்று பெயர் பெற்றது. அதன் முதல் தலைவரான ஹாமில்டன் ரைட் இந்நோயை ஆராய்ந்தார். இறந்தோரின் குடலில் அழற்சியைக் கண்டு, இது குடல் வழியாகத் தொற்றும் நோய் என்று 1902இல் முடிவு கூறினார். அவர் கண்ட குறி பொய்யன்று. அதிலிருந்து கொண்ட முடிவே பிழைபட்டது.

1905 டிசம்பரில் வில்லியம் பிளெச்சர் என்னும் மருத்துவர் கோலாலம்பூர் மனநோயர் விடுதியில் ஒரு சோதனையைத் தொடங்கினார். நோயாளரை வரிசையாக நிறுத்தி எண்ணிட்டு, ஒற்றைப்படை எண்ணினரை ஒரு விடுதியிலும் இரட்டைப்படை எண்ணினரை மற்றொரு விடுதியிலும் இருத்தினார். ஒரு பிரிவினருக்குத் தீட்டிய பச்சரிசி. மற்றவருக்கு நம்மவர் உண்ணும் புழுங்கல் அரிசி. நோய் இடத்தைப் பற்றியதோ என்ற ஐயத்தைப் போக்க, நடுவில் இரு பிரிவினரையும் விடுதி மாற்றி வைத்தார். 1906ஆம் ஆண்டின் முடிவில் பச்சரிசி உண்ட 120 பேரில் 36 பேருக்குப் பெரிபெரி கண்டு 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் நோய் இருந்தோர் இருவரே. அவ்விருவரும் விடுதிக்கு வரும்போதே நோயுடன் வந்தவர். தோட்டத்துத் தமிழரிடையே பெரிபெரி ஏன் அரிதாக இருந்தது என்பதும் அப்போது விளங்கிற்று.

தம் விருப்பைத் தெரிவிக்க இயலாத மனநோயரை வைத்துச் செய்த அச்சோதனை இன்றைய மருத்துவ அறநெறிக்கு ஒவ்வாதது. இதனை மறைத்து அதனைப் புகழ்தல் தகாது. எனினும், இரு பிரிவாகப் பகுத்து ஒப்பிடும் முறையே இன்றும் மருந்துகளைச் சோதிக்கும் வழியாக இருக்கிறது. பிளெச்சருக்கு விடை ஓராண்டில் கிடைத்தது. பெரிபெரி சில மாதங்களில் வெளிப்படும் நோயாதலால் அது இயன்றது. நடுக்குவாதம் அத்தகையதன்று. இன்று ஒருவருக்குத் தடுப்பு மருந்து ஒன்றைக் கொடுத்து, அது பலித்ததா என்று பார்க்கப் பத்து, பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். முன்குறிகளைத் தேடுவதன் அடிப்படைக் காரணம் இதுவே. இனி நடுக்குவாதத்தின் வரலாற்றைக் காண்போம்.

வீதியில் கண்ட நோய்

ஜேம்ஸ் பார்க்கின்சன் இலண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் வாழ்ந்த மருத்துவர். 1817இல் நடுக்குவாதத்தைப் பற்றிச் சிறு நூலொன்றை வெளியிட்டார். அதில் அவர் விவரித்த நோயாளர் அறுவரே. அவர்களிலும் சிலர் அவரிடம் மருந்துக்கு வந்தவர் அல்லர். வீதியில் அவர் கண்டவர். முன்னோக்கி வளைந்த உடல், குறுகிய விரைந்த அடி, ஓய்ந்திருக்கும் போது நடுங்கும் கை ஆகியவற்றைக் கண்ணால் கண்டே அவர் இந்நோயை வேறு பிரித்தார். நோய் மிக மெல்லத் தொடங்குவதால், எப்போது தொடங்கியது என்று நோயாளருக்கே நினைவிருப்பதில்லை என்றும் எழுதினார். நோய் முற்றும்போது உறக்கம் கெடுதலையும் மலம் கட்டுதலையும் குறித்து வைத்தார். அவ்விரண்டும் நோயின் தொடக்கத்துக்கும் முற்பட்டவையாய் இருக்கலாம் என்பதை உணர மருத்துவ உலகுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின.

பாரிசில் ஷார்க்கோ என்னும் பேராசிரியர் இந்நோய்க்குப் பார்க்கின்சன் பெயரைச் சூட்டினார். நோயாளர் எல்லாருக்கும் நடுக்கம் இருப்பதில்லை என்றும், இயக்கம் மந்தப்படுதலும் தசை விறைத்தலும் தனிக் கூறுகள் என்றும் விளக்கியவர் அவரே. 1912இல் பிரெடெரிக் லெவி, நோயாளரின் மூளை உயிரணுக்களில் உருண்டையான ஒரு படிவைக் கண்டார். 1919இல் த்ரெத்தியாகோவ், நடுமூளையில் கருநிறமாய் உள்ள ஒரு சிறு பகுதி இந்நோயில் அழிந்து வெளிறிப்போவதைக் காட்டினார். அப்பகுதிக்குக் கரும்பொருள் என்று பொருள்படும் லத்தீன் பெயர் வழங்குகிறது. ஆனால் இக்குறிகளை இறந்தவரின் மூளையில்தான் காண முடிந்தது. உயிரோடிருப்பவருக்கு அவற்றால் ஒரு பயனும் விளையவில்லை.

பூனைக்காலி விதையும் சென்னை ஆய்வுக்கூடமும்

இவ்விடத்தில் கதை மீண்டும் நம் பக்கம் திரும்புகிறது. பெரிபெரியைத் தடுக்கும் பொருளைத் தவிட்டிலிருந்து பிரிக்க முயன்று, 1912இல் ‘வைட்டமின்’ என்ற சொல்லைப் படைத்தவர் காசிமிர் ஃபங்க். இலண்டன் லிஸ்டர் நிலையத்தில் பணியாற்றிய அவர், அதற்கு முந்திய ஆண்டிலேயே டோபா என்னும் பொருளையும் இரசாயன முறையில் ஆக்கியிருந்தார். 1913இல் மார்க்கஸ் குகன்ஹைம் ஐரோப்பிய அவரை வகை ஒன்றிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார். அதன் மருத்துவப் பயனை அப்போது எவரும் அறிந்திலர்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர் இரசாயனக் கூடத்தில் தாமோதரனும் இராமசாமியும் அதே பொருளைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்து, 1937இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். மேலே பட்டால் அரிக்கும் சுணையுள்ள நெற்றை உடைய அக்கொடியை நாட்டு மருத்துவர் நன்கறிவர். ஆயுர்வேதம் கம்பவாதம் என்று வழங்கும் நோய்க்கு அவ்விதை பயன்பட்டு வந்தது. சென்னை அறிஞர் தேடியது நடுக்குவாத மருந்தையன்று. விதையில் உள்ள இரசாயனப் பொருளையே. எனினும் அவர்கள் கண்ட பொருளே பின்னாளில் அந்நோயின் முதன்மை மருந்தாயிற்று.

அதற்கு வழிகாட்டியது மற்றுமொரு இந்திய மூலிகை. சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952இல் சுவிட்சர்லாந்தில் ரெசர்பின் பிரிக்கப்பட்டது. இரத்த அழுத்தத்துக்கு அதனை உட்கொண்ட சிலருக்கு நடுக்குவாதம் போன்ற நிலை தோன்றிற்று. 1957இல் சுவீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தபோது அவை அசையாது கிடந்தன. லெவோடோபா கொடுத்தபோது எழுந்து இயங்கின. 1960இல் வியன்னாவில் ஏரிங்கரும் ஹோர்னிகீவிச்சும், நடுக்குவாதத்தால் இறந்தோரின் மூளையில் டோபமீன் என்னும் பொருள் பெரிதும் குறைந்திருப்பதைக் கண்டனர். அடுத்த ஆண்டில் பிர்க்மாயர் நோயாளருக்கு லெவோடோபாவை ஊசிவழியே செலுத்தினார். 1967இல் அமெரிக்காவில் கோட்சியாஸ், வாய்வழியாகச் சிறிது சிறிதாக அளவைக் கூட்டிக் கொடுக்கும் முறையை நிலைநாட்டினார். கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது.

அதே டோபா பின்னர் முன்குறி காட்டும் விளக்காகவும் ஆயிற்று. 1983இல் கனடாவின் ஹாமில்டன் நகரில் கார்னெட், ஃபிர்னாவ், நாமியாஸ் ஆகியோர் கதிரியக்கப் புளோரினை டோபாவோடு இணைத்துச் செலுத்தி, உயிரோடிருக்கும் மனிதரின் மூளையில் அது எங்கே சேர்கிறது என்பதைப் படமாக எடுத்தனர். இறந்த பின்னரே காணக்கூடியதாக இருந்த இழப்பை, வாழும்போதே காணும் வழி பிறந்தது. இத்தகைய படங்களால் ஒன்று தெளிவாயிற்று. கை நடுங்கத் தொடங்கும்போதே டோபமீன் நரம்பு முனைகளில் பாதியோ அதற்கு மேலோ செயலிழந்துவிடுகின்றன.

நடுக்கத்திற்கு முன் வருவன

1997இல் இரு கண்டுபிடிப்புகள் அடுத்தடுத்து வந்தன. இத்தாலிய வழிவந்த ஒரு பெருங்குடும்பத்தில் தலைமுறைதோறும் தொடர்ந்த நடுக்குவாதத்துக்கு, ஆல்பா சினுக்ளீன் என்னும் புரதத்தின் மரபணுவில் உள்ள மாற்றமே காரணம் என்று பாலிமெரோபுலஸ் குழுவினர் கண்டனர். லெவி கண்ட உருண்டைகள் பெரும்பாலும் அதே புரதத்தால் ஆனவை என்று ஸ்பில்லன்டினி குழுவினர் காட்டினர். 2003இல் ஜெர்மனியின் ஹைகோ பிராக், அப்புரதப் படிவு கரும்பொருளில் தொடங்குவதில்லை என்றார். முகரும் நரம்பின் முனையிலும், குடலோடு தொடர்புடைய மூளைத்தண்டுப் பகுதியிலும் அது முதலில் தோன்றிப் பின்னரே மேலேறுகிறது என்பது அவர் கருத்து. எல்லா நோயாளரிடத்தும் அவ்வரிசை பொருந்துவதில்லை. ஆயினும், சிதறிக் கிடந்த பல பழைய குறிப்புகளுக்கு அது ஒரு விளக்கம் தந்தது.

அவற்றுள் முதலாவது மணம் அறியும் திறன் குறைதல். இரண்டாவது மலச்சிக்கல். ஹவாய்த் தீவில் ஜப்பானிய வழிவந்த 6,790 ஆடவரைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வொன்று 2001இல் வெளிவந்தது. நாளுக்கு ஒரு முறைக்கும் குறைவாக மலம் கழித்தவருக்கு, நாளுக்கு ஒரு முறை கழித்தவரைவிட 2.7 மடங்கு நோய் வாய்ப்பு இருந்தது. ஆனால் அத்தனை ஆடவருள்ளும் நோயுற்றவர் 96 பேரே என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மலச்சிக்கல் உடையோர் பலர். அவருள் நடுக்குவாதம் பெறுவோர் மிகச் சிலர்.

மூன்றாவது குறி இன்னும் வலியது. கனவு காணும் உறக்கத்தில் நம் உடல் இயல்பாகவே அசைவற்று இருக்கும். சிலருக்கு அத்தடை நீங்கிவிடுவதால் கனவில் ஓடுவதை உண்மையிலேயே உதைத்தும், கனவில் சண்டையிடுவதைக் கையால் அடித்தும் நடிக்கின்றனர். 1986இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஷெங்க்கும் மாஹோவால்டும் இதனைத் தனி நோயாக விவரித்தனர். அத்தகைய 29 முதிய ஆடவரில் 38 விழுக்காட்டினர் நடுக்குவாதத்துக்கு ஆளாயினர் என்று 1996இல் கண்டனர். தொடர்ந்து கவனித்ததில், நடுக்குவாத வகை நோய்க்கோ மறதி நோய்க்கோ ஆளானோர் 81 விழுக்காடாக உயர்ந்தனர் என 2013இல் அறிவித்தனர்.

உறைமோர் போன்றதொரு சோதனை

மேற்கூறியவை வெளியே தெரிவன. உள்ளே உள்ள புரதத்தையே காண இயலுமா என்பது அடுத்த கேள்வி. பிறழ்ந்து மடங்கிய ஆல்பா சினுக்ளீன் மிக நுண்ணிய அளவே இருப்பதால் அதனை நேரே அளத்தல் அரிது. அறிஞர் கையாண்ட உத்தியை நம் அடுக்களையைக் கொண்டு விளக்கலாம். பாலில் ஒரு துளி உறைமோர் விட்டால் பால் முழுதும் தயிராகும். துளி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், பால் உறைந்ததைக் கொண்டு உறைமோர் இருந்தது என்று அறியலாம். அவ்வாறே, முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீரை நல்ல புரதக் கரைசலில் இட்டுக் குலுக்குகின்றனர். அந்நீரில் பிறழ்ந்த புரதம் சிறிது இருந்தாலும் அது நல்ல புரதத்தையும் தன் வடிவுக்கு மாற்றிப் பெருகுகிறது. பெருகியதை ஒளிரும் சாயத்தால் காண்கின்றனர்.

2010இல் தொடங்கிய பன்னாட்டு ஆய்வொன்றில் சேர்ந்த 1,123 பேரிடம் இச்சோதனை செய்யப்பட்டு, முடிவுகள் 2023இல் வெளிவந்தன. நடுக்குவாதம் உள்ளவரில் 87.7 விழுக்காட்டினரிடம் பிறழ்ந்த புரதம் காணப்பட்டது. நோயற்றவரில் 96.3 விழுக்காட்டினரிடம் அது காணப்படவில்லை. கை கால் இயக்கத்தில் குறையொன்றும் இல்லாமல், முகரும் திறன் குன்றியோ கனவில் கைகால் வீசியோ இருந்தவரிலும் பெரும்பாலோரிடம் அது காணப்பட்டது. 2024இல் கழுத்து, தொடை, கால் ஆகிய இடங்களில் எடுத்த சிறு தோல் துண்டுகளில் அப்புரதத்தைத் தேடிய மற்றொரு ஆய்வு வெளிவந்தது. அதில் நடுக்குவாத நோயாளரில் 92.7 விழுக்காட்டினரிடம் அது இருந்தது. நோயற்றவரில் 3.3 விழுக்காட்டினரிடமும் இருந்தது.

இவ்வெண்களைக் கண்டு விரைந்து மகிழ்தல் கூடாது. புரதம் உண்டு, இல்லை என்பதையே இச்சோதனை சொல்லும். நோய் எவ்வளவு முற்றியது, எவ்வளவு விரைவில் நகர்கிறது என்று சொல்லாது. அதே புரதம் மறதி நோய் வகை ஒன்றிலும் உண்டு. குறிப்பிட்ட மரபணு மாற்றத்தால் நடுக்குவாதம் பெற்றோரில் மூன்றிலொரு பங்கினரிடம் இச்சோதனை புரதத்தைக் காட்டவில்லை. வாட்சன் கண்ட மண்ணீரலைப் போலக் கூடிக் குறையும் குறி ஒன்று இன்னும் தேவைப்படுகிறது.

நம் மண்ணில் பார்க்க வேண்டியவை

மேலை நாட்டில் வகுத்த குறி இங்கே அப்படியே பொருந்தும் என்று கொள்ளுதல் தவறாகும். எடுத்துக்காட்டாக, முகரும் திறனை அளக்க 1984இல் பென்சில்வேனியாவில் ரிச்சர்டு டோட்டி வகுத்த சோதனை உலகெங்கும் பயன்படுகிறது. நாற்பது மணங்களை முகர்ந்து பெயர் கூற வேண்டும். கிராம்பு, தேங்காய், எலுமிச்சை, ரோஜா ஆகியவற்றை நம் பாட்டிமார் உடனே சொல்லிவிடுவர். ஆனால் அப்பட்டியலில் லைலாக் மலரும், ரூட் பீர் என்னும் அமெரிக்கப் பானமும், வெள்ளரி ஊறுகாயின் மணமும் உள்ளன. அறியாத மணத்துக்குப் பெயர் சொல்லாததை முகரும் திறன் இழந்ததாகக் கணக்கிட்டால், நலமுள்ளவரும் நோயாளராகத் தோன்றுவர். ஒவ்வொரு நாட்டுக்கும் ஏற்ற மணப்பட்டியல் வேண்டும் என்று ஆய்வாளர் வற்புறுத்துவது இதனாலேயே.

மரபணுக் குறிகளும் இத்தகையனவே. சீனரிடையே நோய் வாய்ப்பை ஏறத்தாழ இரு மடங்காக்கும் ஒரு மரபணு மாற்றம் உண்டு; இந்தியரிடையே அது அரிது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூவினத்தாரும் ஒரே மருத்துவமனைக்கு வரும் கோலாலம்பூர் போன்ற நகரம், இத்துறை ஆராய்ச்சிக்கு மிகவும் பொருத்தமானது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் லிம் ஷென் யாங், தான் ஐ ஹுவேய் ஆகிய மருத்துவப் பேராசிரியர்கள் நடுக்குவாத நோயாளரின் மரபணுவையும் குடல் நிலையையும் ஆராய்ந்து வருகின்றனர்.

அவர்களுடைய ஆய்வொன்று ஹாமில்டன் ரைட்டின் பழைய முடிவை நமக்கு நினைவூட்டுகிறது. இரைப்பையில் ஒருவகை நுண்ணுயிர் உள்ள நோயாளருக்கு நடுக்குவாதம் கடுமையாக இருப்பதை அவர்கள் கண்டனர். அதுகொண்டே நுண்ணுயிர்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடவில்லை. நோயாளரின் இசைவைப் பெற்று, அவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நுண்ணுயிரை ஒழிக்கும் மருந்தும், மற்றவருக்கு மருந்து போன்ற வெற்று மாத்திரையும் கொடுத்துச் சோதித்தனர். நுண்ணுயிர் ஒழிந்தும் நடுக்குவாதம் குறையவில்லை என்று 2020இல் அறிவித்தனர். குடலில் ஒரு குறி, அதன்மேல் ஓர் ஊகம், பின்னர் இரு பிரிவுச் சோதனை என்னும் வரிசை அதே நகரில் மறுமுறை நிகழ்ந்திருக்கிறது. இம்முறை ஊகத்தைச் சோதித்தவர்களும் அதனை எழுப்பியவர்களே. மருந்துண்டு நலம் காணாத நோயாளருக்கு இது ஏமாற்றமாக இருந்திருக்கலாம். ஆனால் அவருக்குப் பின்வரும் பலர் வீண் மருந்திலிருந்து காக்கப்பட்டனர்.

அறிந்து என்ன பயன்?

இனி நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். நடுக்குவாதத்தின் போக்கை நிறுத்தும் என்று ஐயமின்றி நிறுவப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. லெவோடோபா இயக்கத்தைத் திருத்துகிறது. நரம்பின் அழிவைத் தடுப்பதாக நிறுவப்படவில்லை. ஆதலால், நலமாயிருக்கும் ஒருவரை அழைத்து முதுகில் ஊசியிட்டு, ‘உமக்கு இந்நோய் வரக்கூடும்’ என்று சொல்வது இன்று பொது மருத்துவ வழக்கமாகவில்லை. ஆக வேண்டியதும் இல்லை. அதனை அறிய விரும்புவதும் அறியாதிருக்க விரும்புவதும் அவரவர் உரிமை. கிள்ளான் தோட்டத்துக் குழந்தையையும் விடுதியில் இருந்த மனநோயரையும் எவரும் இசைவு கேட்கவில்லை. இன்று கேட்டாக வேண்டும்.

ஆனால் ஆராய்ச்சிக்கு முன்குறி இன்றியமையாதது. முப்பது நாற்பது ஆண்டுகளாகச் சோதித்த தடுப்பு மருந்துகள் பலவும் தோல்வியுற்றமைக்கு ஒரு காரணமாக அறிஞர் கூறுவது, நரம்பு பாதி அழிந்த பின் மருந்து தொடங்கப்பட்டது என்பதே. நோயின் தொடக்கத்திலேயே இருப்பவரைத் தேர்ந்தெடுக்கவும், மருந்து பலிக்கிறதா என்பதைச் சில ஆண்டுகளிலேயே காணவும் குறி வேண்டும். கிள்ளானில் வடிகால் பயன்பட்டதை மண்ணீரல் காட்டிற்று. அதுபோன்ற ஒரு சான்று இல்லாமல் நடுக்குவாதத் தடுப்பு மருந்தை எவரும் நிலைநாட்ட இயலாது. ஆகவே முன்குறியை ஒரு தனி மனிதருக்குரிய தீர்ப்பாகக் கொள்ளாமல், மருந்தை அளக்கும் கோலாகக் கொள்வதே இன்றைய நிலையில் பொருத்தம்.

இதற்கிடையே, சோதனைக் கூடம் வேண்டாத ஒரு கடமை நமக்கு உண்டு. இந்நோயை முதுமை என்று எண்ணிப் பல ஆண்டுகள் மருத்துவரிடம் செல்லாதிருப்போர் பலர். மாலையில் பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலுக்கு நடந்து வரும் முதியவர் ஒருவரின் ஒரு கை வீசாமல் உடலோடு ஒட்டியிருந்தால், அதனை முதலில் காண்பவர் வீட்டாராகவோ அண்டை அயலாராகவோ இருப்பர். பார்க்கின்சனும் வீதியில் நின்றே கண்டார். குரல் மெலிதல், முகத்தில் உணர்ச்சி குன்றுதல், சட்டைப் பொத்தானைப் போட நேரம் பிடித்தல் ஆகியவும் அத்தகையன. ஆசிரியர் எளிதில் அறியக்கூடிய குறி ஒன்றும் உண்டு. கரும்பலகையில் ஒரு வரி எழுதும்போது எழுத்து போகப் போகச் சிறுத்துச் செல்லுதல் நடுக்குவாதத்தின் பழகிய குறியாகும். உடன் பணியாற்றும் ஆசிரியரிடம் அது காணப்பட்டால், தோழமையோடு சொல்லி நரம்பியல் மருத்துவரிடம் செல்லத் தூண்டலாம்.

ஒரு குறியைக் கொண்டு நாமே நோயைத் தீர்மானித்துவிடக் கூடாது. சளி பிடித்தவருக்கும் மணம் தெரியாது. நார்ச்சத்துக் குறைந்த உணவு உண்பவருக்கும் மலம் கட்டும். கை நடுக்கத்திலும் நடுக்குவாதம் அல்லாத வகைகள் உண்டு. பூனைக்காலி விதையில் மருந்து உண்டு என்று கேட்டு, அளவறியாமல் வாங்கி உண்பதும் தீது. விதைக்கு விதை மருந்தின் அளவு மாறும். மருத்துவர் தரும் மாத்திரையோடு சேர்ந்தால் கேடு விளையும்.

மருத்துவரிடம் சென்றவருக்கு இயக்கத்தைச் சீர்செய்யும் மருந்து கிடைக்கும். உடற்பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் கற்றுத் தரப்படும். விழாமல் நடக்க வழி சொல்லப்படும். தம் கணக்கு வழக்குகளையும் குடும்பக் கடமைகளையும் தெளிந்த அறிவோடு ஒழுங்கு செய்ய அவகாசம் கிடைக்கும். விரும்பினால் ஆராய்ச்சியில் சேர்ந்து, பின்வருவோருக்கு உதவவும் இயலும். மேற்கூறிய பன்னாட்டு ஆய்வுகளில் சேர்ந்தோர் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினரே. நம்மவர் அவற்றில் சேராவிடில், நாளை வரும் குறியும் மருந்தும் நம் உடலுக்குப் பொருந்துமா என்பது சோதிக்கப்படாமலே போகும். இதனை விளக்கமாக எடுத்துரைப்பது, தமிழில் படிப்போருக்கு அறிவியலைக் கொண்டு செல்லும் ஆசிரியர்களின் பணியில் ஒரு பகுதியாகும்.